பம்பரில் கட்டிய பிளாஸ்டிக் மாலை

என் காரின் மூக்கை நானே அடைத்துவிட்டு, ஓட்டத் தெரியவில்லை என்று மனைவியைத் திட்டினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இனிமேல்தான் செய்ய வேண்டும், முயற்சி நடக்கிறது.

கார் சின்னது, டர்போ வைத்தது. இருக்கிற பவர் போதாதென்று, வீட்டில் சொல்லாமல் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றினேன்.

"மொதல்ல ஸ்பார்க் பிளக்க மாத்துங்க சார். டர்போ அமுக்குற காத்து சூடாயிடும். முன்னாடி இருக்கிற கூலர்தான் அத ஜில்லாக்கணும். அதுக்கு நல்லா காத்து போனாத்தான் ஜாஸ்தி பவர் நிக்கும்" என்றார் அவர். தலையாட்டினேன். மாடுகூட அதைவிட அர்த்தத்தோடு ஆட்டும்.

நேராகக் கோயில் வாசலுக்குப் போய் பூஜை போட்டேன். பூமாலை மறுநாளே வாடிவிடுமே என்று, தொடை கனத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கி பம்பருக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். கூலருக்குக் காற்று போகும் வழி அதுதான்.

என் மனைவி நாற்பது வயதில் பயந்து பயந்து கார் ஓட்டப் பழகியவள். வேங்கிக்கால் அலுவலகத்துக்குத் தானே ஓட்டிப் போக ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம், நான் பக்கத்து சீட்டில் இருக்க, கீழ்பென்னாத்தூர் சாலையில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டரை அவள் முந்தும்போது காரின் இழுவை பாதியில் போய்விட்டது. எதிரே பஸ். எப்படியோ பின்வாங்கி ஓரம் கட்டினாள்.

"எந்த கியர்ல போற? இதுக்குத்தான் சொன்னேன், உனக்கு வராதுன்னு" என்றேன். கணக்கை மாற்றியதால் இருக்குமோ என்று அப்போதே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். கொண்டுபோய் விடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்றுவிட்டாள்.

பத்து நாள் கழித்து அதே சாலையில் கார் என்னிடமும் மூச்சை விட்டது. மெக்கானிக் மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாமிக்குப் போட வேண்டியத கூலருக்குப் போட்டுட்டீங்களே சார். காத்து சூடானா கார் தானா பவர கம்மி பண்ணிக்கும். எஞ்சின் பொழச்சதே அதனாலதான்."

பிளக்கை மாற்றினார். ஏற்றிய பவரைக் கொஞ்சம் குறைத்தார். மாலையை அறுத்து என் கையில் கொடுத்தார். உச்சி வெயிலில் ஏசியோடு கீழ்பென்னாத்தூர் வரை இரண்டு முறை போய் வந்தேன். கார் திணறவில்லை, நான்தான் திணறினேன்.

அன்று சாயங்காலம் பஸ் இறங்கி வந்தவளிடம், செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று அந்த மாலையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்மா. நீ நல்லாத்தான் ஓட்டுன" என்றேன்.

கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."