திறந்த முகமும் மரத்த வாயும்

குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டம் போட்டு, முகத்தை மூடக் கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்தபோது நான் நிகாப் போடத் தொடங்கி எட்டு வருடமாகியிருந்தது. யாரும் சொல்லிப் போட்டதில்லை. கலியாணத்துக்குப் பிறகு நானாக விரும்பிப் போட்டது. அதனால் உத்தரவு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். மரக்கறி வாங்கும் வேலை என் கணவர் தலையில் விழுந்தது. முற்றிப்போன போஞ்சிக்காயாகத் தேடிப் பார்த்து வாங்கி வருவார்.

மூன்றாவது வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. இரண்டு நாள் கராம்பு வைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. கணவர் வியாபார விஷயமாக எங்கள் மாவட்டத்து நாலந்தா பக்கம் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அபாயா போட்டு, தலையைச் சுற்றி ஹிஜாப் கட்டி, முகத்தைத் திறந்தபடி மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

ஊரே என்னைப் பார்க்கப் போகிறது என்று நடுங்கிக்கொண்டு போனேன். ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே மனதுக்குள் பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

சிக்கல் வேறொன்று. எட்டு வருடமாக நிகாபுக்குள் என் முகம் இஷ்டம்போல் வாழ்ந்திருந்தது. கொட்டாவியை மறைத்ததில்லை. பிடிக்காத பேச்சைக் கேட்டால் உள்ளுக்குள் பழித்துக் காட்டுவேன். பஸ்ஸில் ஒருவர் போனில் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கினேன். எதிரே நின்ற பெண் அதைப் பார்த்துக் குபீரென்று சிரித்துவிட்டாள்.

டொக்டர் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அனுப்பினார். வாயில் பாதி மரத்துப் போயிருந்தது. வெளியே வந்தால் எனக்குப் பழக்கமான த்ரீவீல்காரர் நிற்கிறார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து டவுனில் குடியேறியவர். வண்டிக்குள் செபமாலை தொங்கும். வருடக்கணக்காக அவருடைய வண்டியில்தான் போய்வருகிறேன். எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் 'ராத்தா' என்றுதான் கூப்பிடுவார்.

"அவுவிகாவை" என்றேன்.

"ஏறுங்கம்மா. ஊருக்குப் புதுசா?"

முகமும் தெரியவில்லை, குரலும் தெரியவில்லை அவருக்கு. பஞ்சோடு எதை விளக்குவது? தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன்.

"அலுவிகாரையில நமக்குத் தெரிஞ்ச ஒரு ராத்தா இருக்காங்க. முகம் மூடியிருப்பாங்க. சட்டம் வந்த பொறகு ஆளையே காணோம். பாவம், தங்கமான மனுஷி" என்றார் அவர்.

எனக்குக் குளிர்ந்துவிட்டது.

"ஆனா அந்த வாய் இருக்கே! மெதுவாப் போனா மாட்டு வண்டியாம்பாங்க. வேகமாப் போனா அடக்கம் பண்ற மையவாடிக்கா கூட்டிட்டுப் போறீங்கம்பாங்க. எறங்குற எடத்துல கம்பியில ரெண்டு தட்டுத் தட்டுவாங்க பாருங்க, நமக்கு உசுரே போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்த வாயில் ஒரு பக்கம் மட்டுமே சிரித்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்னாங்கம்மா, தலை சுத்துதா?"

அதற்குள் வண்டி எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டப் பார்த்தது. நிறுத்தச் சொல்ல நாக்கு புரளவில்லை. கை தானாகப் போய்க் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியது.

வண்டி அப்படியே நின்றது. அவர் கேட்டைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

"ராத்தாவா?"

"ம்."

"ஐயோ மாதாவே!" சட்டென்று கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். "நான் ஒண்ணும் பாக்கலீங்க ராத்தா. சத்தியமாப் பாக்கல."

நான் இறங்கியதுதான் தாமதம், காசுகூட வாங்காமல் பறந்துவிட்டார்.

மாலையில் வாய்க்கு உணர்வு திரும்பியதும் கணவரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "வாயப் பத்தி அவர் சென்னதுல என்ன பிழை?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் அதே வண்டியில் போக வேண்டியிருந்தது. கண்ணாடி இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ரோட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பெரிய வீதிக்கு ஏறியதும் பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அவருக்கு அது எங்கே வருகிறதென்றே தெரியவில்லை.

"கண்ணாடியத் திருப்புங்க! ரெண்டு பேரும் மௌத்தாகப் போறோம்!" என்று கத்தினேன்.

"நீங்க மூடக் கூடாதுன்னுதாங்க ராத்தா சட்டம். நான் பாத்தே ஆகணும்னு சட்டம் இல்லீங்களே" என்றார் அவர், தலையைத் திருப்பாமல்.

மூன்று வாரம் வீட்டுக்குள் இருந்து, யார் யார் பார்ப்பார்கள் என்றே கவலைப்பட்டிருந்தேன். பார்க்காமல் இருக்கும் வேலையை ஒரு மனிதர் தானாக எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லொறிக்காரன் மறுபடி அடித்தான்.

கடைசியில் நான் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன். பின்னால் வரும் ரோடு மட்டும் தெரியும்படி அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். சில மாதம் இந்த ஒப்பந்தப்படியே போய்வந்தோம்.

அவசரகாலச் சட்டம் முடிந்த பிறகு நான் மறுபடி நிகாப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"வந்துட்டீங்களா ராத்தா!" என்றார், நான் ஏதோ வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததைப் போல.