யோகன் சின்னனிலை எப்பிடி?

அரிசி வாளி

“அடிக்கடி பொருட்களைத் தொலைப்பீர்களா?” என்று டொக்டர் படிவத்தைப் பார்த்துக் கேட்டதை நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் யோகன் எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டார். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒன்றும் கேட்கக்கூடாது. கிளினிக் மொழிபெயர்ப்பாளனின் விதி அது. இருவருக்கு நடுவில் உட்கார்ந்து பிழைக்கும் எவருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

யோகனுக்கு நாற்பது வயது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் ஏற்றுகிறார். இன்னொரு முறை லொறி மாறி ஏற்றினால் வேலை போய்விடும். கவனக்குறைபாட்டு நோய் என்று டொக்டர் கடிதம் கொடுத்தால் தப்பலாம். கேள்விக்குப் பதில் சொன்னவர் மனைவி சுகந்திதான்.

“ஓம் எண்டு போடச் சொல்லுங்கோ அண்ணை. நேற்றுக் கார்த் திறப்பை அரிசி வாளிக்குள்ளை இருந்து எடுத்தனான்.” கார்ச் சாவி அரிசி வாளிக்குள் என்று டொக்டருக்குச் சொன்னேன்.

எனக்கும் ஒன்று

2009இல் இலங்கையின் வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. இது நோயா, ஊர்க் கவலையா என்று டொக்டருக்குச் சந்தேகம். இந்த நாட்களில் எந்தத் தமிழருக்கு மனம் ஒரு இடத்தில் நிற்கிறது என்றார். அதைச் சொல்லத் தொடங்கும்போது என் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. என் தம்பி குடும்பமும் அங்கேதான். எடுத்துப் பார்த்தேன், வேறு யாரோ. டொக்டர் சொன்னதில் பாதி மறந்துபோயிற்று. திரும்பச் சொல்லும்படி கேட்டேன். யோகன் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

“அண்ணைக்கும் ஒரு ஃபோம் எடுத்து நிரப்புங்கோவன்.”

ஒற்றைச் செருப்பு

சிறுவயதிலிருந்தே இப்படி என்றால்தான் அது இந்த நோய். டொக்டர் பள்ளிக்கூட ரிப்போர்ட் கேட்டார். சண்டையில் பள்ளிக்கூடமே இப்போது இல்லை. சொல்லக்கூடியவர் வன்னியில் இருந்த யோகனின் அக்கா ஒருவர்தான். மூன்று மாதமாக அவரிடமிருந்து தகவல் இல்லை.

சண்டை முடிந்தபின் நடந்த சந்திப்பில் யோகனின் ஃபோன் அடித்தது. அகதி முகாமிலிருந்து அக்கா. இரண்டு நிமிடம்தான் பேசலாமாம். யோகன் “அக்கா, அக்கா” என்றே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுகந்தி அழுதார். நான் ஃபோனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். “அக்கா, யோகன் சின்னனிலை எப்பிடி?”

“உவனோ? பள்ளிக்கூடத்தாலை ஒரு செருப்போடைதான் வருவான். மற்றதைத் தேடுறது என்ரை வேலை. ஏன், அங்கையும் துலைக்கிறானோ?”

தொடர்பு அறுந்தது. ஒரு சொல் விடாமல் டொக்டருக்குச் சொன்னேன். சொந்தமாக ஒரு கேள்வி கேட்ட குற்றத்துக்கு என்மேல் இதுவரை விசாரணை இல்லை.

டொக்டர் கடிதம் எழுதத் தொடங்கினார். சுகந்தி குனிந்து, மேசைக்கடியில் கழன்று கிடந்த ஒற்றைச் சப்பாத்தை யோகனின் காலடிக்குத் தள்ளிவிட்டார்.