பதினொரு மரங்கள்

எங்கள் வீட்டில் நான்கு கத்திகள் இருந்தன. மூன்று வீட்டோடு கிடந்தன. ஒன்று மட்டும் தினமும் ஜீப்பில் கேரளாவுக்குப் போய் வந்தது. கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கும். முழங்கை நீளம், முனை கொக்கி போல உள்பக்கம் வளைந்திருக்கும். மலையாளத்தில் வாக்கத்தி என்பார்கள். எங்கள் பெண்களும் அப்படியே சொன்னார்கள். அதைச் சாக்கில் சுற்றி, ஜீப்பில் காலடியில் போட்டு, மேலே பாதத்தை அழுத்தி உட்காருவார்கள். மலைப்பாதை வளைவில் வண்டி சாயும்போது கத்தி நகர்ந்துவிடக் கூடாது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மே மாதம் அது. தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா என்னையும் மலைக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அதே ஜீப்பில் வருவாள். தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்து வீட்டில் கிடந்த பழைய வாக்கத்தி ஒன்றை அம்மா என்னிடம் கொடுத்தாள். பத்து வயதுப் பெண்ணின் கையில் கத்தி கொடுப்பதை அன்று யாரும் தவறாக நினைக்கவில்லை. இன்று என் மகள் ஆப்பிள் நறுக்கினால் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

அந்தக் கத்தியால் அவர்கள் செய்யாத வேலை இல்லை. ஏலச்செடியின் காய்ந்த தட்டைகளை அடியோடு அரிந்து எடுப்பார்கள். அதற்குக் கவாத்து என்று பெயர். காலில் ஏறிய அட்டையைக் கத்தியின் முதுகால் வழித்துப் போடுவார்கள். மழை வந்தால், விழுந்து கிடக்கும் கொம்புகளைப் பிளந்து நட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டிக் கொட்டகை போட ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அங்கேயே செடி மறைவில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு வெட்கம். தூரமாகப் போகிறேன் என்றேன்.

"போத்தா, போ. மரத்துக்கு மரம் ஒரு வெட்டு வெட்டிக்கிட்டே போ" என்றாள் பெரியம்மா. "இல்லேன்னா வழி தெரியாமச் சுத்தி, மலையாளம் படிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவ."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தள்ளி அடுத்த வரிசையில் குனிந்திருந்தாள். அவள் காதில் விழவில்லை. நான் மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏலச்செடிகளுக்கு நிழல் தருவதற்காக அங்கே பெரிய பெரிய மரங்களை விட்டுவைத்திருப்பார்கள். பெரும்பாலும் பலா. நான் ஒவ்வொரு மரத்திலும் என் நெஞ்சு உயரத்தில் பட்டையைச் சீவிக்கொண்டே போனேன். பால் கசிந்து வெள்ளையாக வழிந்தது. அந்த வெள்ளை பிடித்துப்போய், வந்த காரியம் முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போனேன். எண்ணிக்கொண்டேதான் போனேன். பதினொரு மரங்கள்.

திரும்பியபோது ஒரு வெட்டுகூட இல்லை.

போகும்போது என் முகத்துக்கு எதிரே இருந்த பக்கத்தில்தான் வெட்டியிருந்தேன். திரும்பி வரும்போது பார்த்தால் எல்லா மரமும் ஒன்றுபோல முழுசாக நின்றன. இந்த விளக்கமெல்லாம் இப்போது தோன்றுவது. அப்போது, மரங்கள் மாறிவிட்டன என்றே நினைத்தேன். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கையிலிருந்த கத்தி முனை தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்தும் பதில் இல்லை. ஒரு வேரில் உட்கார்ந்து, அட்டை ஏறுவதைக்கூடத் தட்டிவிடாமல் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்றும் என் மகளின் பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதமானால் எனக்கு அந்த வேரின் ஈரம் உடம்பில் ஏறுகிறது.

அம்மா நேராக என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் போன திசையில் வந்தவளுக்கு ஒவ்வொரு வெட்டும் வெள்ளையாகக் கண்ணில் பட்டிருக்கிறது. முதுகில் ஓர் அடி கொடுத்தாள். பிறகு மூச்சு முட்டும் அளவுக்குக் கட்டிக்கொண்டாள். பிறகு என் கத்தியில் ஒட்டியிருந்த பலாப்பாலைப் பார்த்தாள்.

"எத்தன மரத்துல வெட்டுன?"

அவள் குரல் சரியில்லை. ஒரு மரத்துக்கு ஓர் அடி என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொன்று அதிகம்.

"ஒம்போது" என்றேன்.

இப்போது என் பிள்ளைகளிடம் எதையாவது எத்தனை என்று கேட்டால், சொல்கிற பதிலோடு இரண்டைக் கூட்டிக்கொள்கிறேன். ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை.

அம்மா அடிக்கவில்லை. ஈர மண்ணை அள்ளி முதல் வெட்டில் அப்பினாள். பால் பிசுபிசுப்பில் மண் நன்றாக ஒட்டிக்கொண்டது. மேலே பாசியைப் பெயர்த்து அழுத்தினாள். கையை மரத்தைச் சுற்றிவிட்டுத் தடவித் தடவி அடுத்த வெட்டைத் தேடினாள். தூரத்தில் ஜீப் ஹாரன் அடித்தது.

"எதுக்கும்மா?"

"காயம்ல. மருந்து போடணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. நானும் மண் அள்ளிக் கொடுத்தேன். நிழல் மரங்கள் வனத்துறைக் கணக்கில் இருப்பவை, ஒன்றில் கத்தி பட்டாலும் எஸ்டேட்காரர் பதில் சொல்ல வேண்டும், வெட்டிய ஆளுக்கு மறுநாள் வேலை கிடையாது என்பதெல்லாம் ஜீப்பில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். யாரும் நிஜமாக வெட்டமாட்டார்கள் என்பதால்தான் அப்படிச் சொன்னது அவளுக்கு வேடிக்கை.

மறுபடி ஹாரன். ஒன்பதாவது மரம் முடிந்ததும் அம்மா இடுப்பை நிமிர்த்தினாள். "அவ்வளவுதான?" என்றாள். எங்கோ பனிக்குள் இரண்டு மரங்கள் விடுபட்டு நின்றன. நான் தலையாட்டினேன். அட்டைக்காகக் காலில் தேய்க்கும் புகையிலை எண்ணெயை ஊற்றி என் கத்தியை அவள் பளிச்சென்று துடைத்தாள். இருவரும் ஓடினோம். வண்டியில் பெரியம்மாதான் முதலில் அழுதாள்.

மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது. டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை.

"யக்கா, கங்காணி உங்கள வரவேணாம்னு சொல்லிட்டாக. ரெண்டு பலாவுல வெட்டு இருந்துச்சாம். அங்கன கவாத்துப் பண்ணுனது நீங்கதான்னு சொல்றாக."

"எத்தன?"

"ரெண்டுக்கா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாய் நிறைய நுரையோடு பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி போய்விட்டது.

அம்மா அன்றே தென்னை ஓலை வாங்கிப் போட்டு, ஈர்க்குச் சீவி விளக்குமாறு கட்டத் தொடங்கினாள். வாக்கத்தியைக் காலால் மிதித்து நிறுத்திக்கொண்டு, ஓலையை அதன் கூரில் வைத்து இழுப்பாள். நான் ஈர்க்குகளை நீளம் பார்த்து அடுக்குவேன். மதியம் இரண்டு பேரும் சேர்ந்து சுடச்சுடச் சாப்பிட்டோம். எனக்கு விவரம் தெரிந்து அம்மா பகலில் தொடர்ந்து வீட்டில் இருந்தது அப்போதுதான். மரங்களைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. சந்தோஷம் தாங்காமல் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"எங்கம்மா இனிமே மலைக்குப் போகாது. எனக்காக வீட்லயே இருக்கு."

அம்மா ஓலையை இழுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.