கமர் ஜஹானின் கறையான் சட்டிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றில், மயிலாப்பூர் லஸ் பக்கம், முத்துலட்சுமி அம்மாளின் கொல்லையில் நூறு கோழிக்குஞ்சுகளோடு குடியிருந்தாள் கமர் ஜஹான். புருஷன் இல்லை. பன்னிரண்டாம் வாரத்தில் தலைக்கு ஒன்றரை ராத்தல் எடை தேறினால் அடையாற்று ராணுவ மெஸ் வாடிக்கையாக வாங்கும். தேறாவிட்டால் வாணியம்பாடிக் கொழுந்தன் வீட்டு அடுப்படிக்கே திரும்ப வேண்டும்.

ஆறாம் வாரத்திலும் குஞ்சுகள் சிட்டுக்குருவியை அண்ணா என்று கூப்பிடும் அளவில்தான் இருந்தன. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அய்யாதுரை ஒரு குஞ்சின் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா போடுற?"

"கடலப் புண்ணாக்கும் கம்பும்தான் நைனா. வயிறு முட்டத் துன்னுதுங்க."

"துன்னு இன்னா பிரயோசனம்? சதை புடிக்க அமினோ ஆசிட்டுன்னு பத்து தினுசு கீதும்மா. ஒண்ணு கொறஞ்சாலும் மீதி அத்தினியும் தண்டம். கடலையில லைசின் கம்மி, மெதியோனின் கம்மி. குஞ்சு அத்தத் தானா செஞ்சுக்காது. கருவாட்டுத் தூள் போடு."

கருவாடா! முத்துலட்சுமி அம்மாள் திருநெல்வேலிச் சைவம். மந்தைவெளியில் கருவாடு வறுத்தால், லஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெத்திலியா வாளையா என்று சொல்லிவிடும் மூக்கு. தேளைப் பொறுக்கித் தின்னும் என்றுதான் கோழிக்கே இடம் விட்டாள். மீன் வாடை வந்தால் அன்றே காலி.

"வேற வழி?"

"கறையான் போடேன்."

எட்டுச் சட்டிகளில் வைக்கோலும் சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, மதிலோரம் கவிழ்த்தாள். மறுநாள் தூக்கினால் சட்டிக்கு ஒரு படி கறையான்! அப்புறம் கூண்டருகே காது வைத்தால் குஞ்சுகள் வளரும் சத்தமே கேட்டதாம்.

மெஸ் ஆள் தராசோடு வரவேண்டிய காலையில் ஒரு கூப்பாடு.

"ஏளா கமரு!"

முத்துலட்சுமி அம்மாள் கொல்லைக் கதவில் வைத்த விரல் கணுவரை உள்ளே போயிருந்தது. மதிலோரச் சட்டியிலிருந்து கதவுக்குக் கறையானின் மண் தடம்.

"தேக்குன்னு சத்தியம் பண்ணில்லா வித்தான் மரக்கடைக்காரன்! எல்லாம் போச்சு. சட்டியத் தூக்கு, கூடவே நீயும் கெளம்பு."

கமர் ஓடிப்போய்க் கூண்டைத் திறந்துவிட்டாள். நூறும் கதவின் மேல் பாய்ந்தன. கொத்துகிற சத்தத்துக்கு நடுவே மெஸ் ஆள் உள்ளே வந்தான்.

அவன் தராசைத் தூக்கினான். முதல் கோழி ஒன்றரை. அடுத்தது முள் தயங்கி, ஒன்றரையில் நின்றது. பத்தை நிறுத்துவிட்டுத் தராசை மடக்கினான்.

"இன்னொரு நூறு வோணும். இங்கதானே வளப்பீங்க?"

கமர் தரையைப் பார்த்தாள். முத்துலட்சுமி அம்மாள் கதவைப் பார்த்தாள். ஒரு கறையான் மிச்சமில்லை. கதவும் பாதி மிச்சமில்லை.

"இங்கதான்" என்றாள் அம்மாள். "மொதல்ல அந்த மரக்கடைக்காரன் வாசல்ல ரெண்டு சட்டியக் கவுத்திட்டு வாளா."