கணக்கம்மா வாயைத் திறந்த கூட்டம்

அந்த அரசுப் பள்ளியில் வரவு செலவு பார்க்கிற கணக்கம்மாவுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. சாக்பீஸ் பெட்டி ஒன்று கேட்டுப் போனால்கூட, "போன பெட்டியில மிச்சம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பீரோவைத் திறப்பார். கஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்தப் பணத்தில் அவர் தாராளம்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய கணவர், ஓடாத வானொலிப் பெட்டிகளாக வாங்கி வீட்டை நிரப்புவதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பள்ளிப் பணம் ஊர்ப்பணம். வருகிறதோ கொஞ்சம். அதை வருடக் கடைசிவரை இழுத்துப் பிடிப்பது அவர் வேலை. கூரை ஒழுகினாலும் தண்ணீர் மோட்டார் நின்றாலும் கடைசியில் அவர் தலையில்தான் விடியும்.

தனக்கென்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஓர் உதவியாளர். இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாக இழுத்து இழுத்து அவருக்கு முதுகு போய்விட்டது. பல வருடமாகக் கேட்டு, தலைமை ஆசிரியர் பல வருடமாகத் தலையைச் சொறிந்து, ஒருவழியாக அந்த வருடம் சரி என்றார். பணத்தையும் தனியாக ஒதுக்கியாயிற்று. "இனிமே வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துருவேன்" என்று கணவரிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் துணை தேவைப்படும். அந்தத் துணை என்ன என்பதைப் பள்ளியும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தேவை என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால் பள்ளி கொடுத்தே ஆக வேண்டும். செலவு ஜாஸ்தி என்று கையை விரிக்க முடியாது. சட்டம் போட்டவர்கள் அத்தோடு பணத்தையும் போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அதை மறந்துவிட்டார்கள். அதனால் பள்ளிக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தபடி இன்னொரு கூட்டம் நடக்கும். அங்கே பணத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. மறுநாள் பெற்றோர் முன்னால் பணம் என்ற சொல்லே யார் வாயிலும் வராது. இருக்கிற பணத்துக்கு ஏற்றபடி தேவை சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த முறை தேநீர்க் கூட்டத்தில் பேச்சு சிட்டுவைப் பற்றி. இரண்டாம் வகுப்புப் பெண். சிட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர், பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நன்றாகப் படிப்பாள். ஆனால் சத்தம் கூடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். வகுப்பைத் தாண்டி, கதவைத் தாண்டி, போய்க்கொண்டே இருப்பாள். கடைசியாகப் போனபோது காவலாளி அவளைப் பிடித்தது வாகனம் ஓடும் சாலையில். நாள் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் அவள் அதே பள்ளியில் அக்காவோடு படிக்கலாம். இல்லையென்றால் நகரத்தின் மறுகோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கிற தனிப் பள்ளிதான். வேனில் போய் வருவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும்.

"முழு நேரத்துக்கு ஒரு ஆள் வேணும் சார். இதுல ரெண்டு பேச்சுக்கு இடமில்லை" என்றார் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கிற சிறப்பு ஆசிரியை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவும் ஆமாம் என்றார். தலைமை ஆசிரியர் கணக்கம்மாவைப் பார்த்தார்.

"பணம் இருக்காம்மா?"

"இல்லை சார்."

பொய் என்று சொல்ல முடியாது. இருந்த பணம் உதவியாளருக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் அதைச் சொன்னபோது கணக்கம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை, கையில் இருந்த தேநீரைத்தான் பார்த்தார். தினமும் அரை மணி நேரத் துணை, மற்றதைப் போகப் போகப் பார்க்கலாம், தனிப் பள்ளியைப் பற்றியும் பெற்றோர் காதில் போட்டு வைப்போம் என்று முடிவாயிற்று. சிறப்பு ஆசிரியை கோப்பையைக் கழுவாமலே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வினை வேறு வழியில் வந்தது. வழக்கமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிற துணைத் தலைமை ஆசிரியர் படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கணக்கம்மாவை உட்கார வைத்தார்கள். இத்தனை வருடத்தில் தேநீர்க் கூட்டத்துக்கு அவர் தவறாமல் போயிருக்கிறார். பெற்றோர் உட்காருகிற கூட்டத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

சிட்டுவின் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை உடுப்போடே வந்திருந்தார். நாற்காலியில் எண்ணெய் ஒட்டிவிடப் போகிறது என்று நுனியில் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியர் பேசினார். அரை மணி நேரம் என்றார், படிப்படியாக என்றார், அந்தத் தனிப் பள்ளியில் தோட்டமெல்லாம் இருக்கிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. பற்றாக்குறை வீட்டைக் கட்டிக் காக்கிறவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ அவளுக்குத் துணையா ஒரு ஆள் தேவையில்லைன்னு சொல்றீங்களா? நான்தான் தப்பா நினைச்சுட்டேனா?"

சிறப்பு ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைத் தானே சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று ஒரு மனிதர் குழம்பிப் போய் உட்கார்ந்திருப்பதைக் கணக்கம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"நீங்க தப்பா நினைக்கலைங்க. தேவைதான். நேத்து டீ குடிக்கும்போது எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. பணம்தான் இல்லை."

தலைமை ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. லிஃப்ட்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கணக்கம்மா அதையே இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அதோடு விட்டாரா? குறிப்பு எழுதுகிறவர் நடந்ததை எழுத வேண்டும் அல்லவா? தான் சொன்னதையும் ஒரு வரி விடாமல் எழுதினார். கூட்டம் முடிந்ததும் முறைப்படி எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். லிஃப்ட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சிறப்பு ஆசிரியை போட்ட கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் கணக்கு அறைக்கே வந்து கதவைச் சாத்தினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? சட்டப்படி அந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லவே கூடாது."

"பொய்யா சார் சொன்னேன்?"

"பொய்யா இருந்தா சமாளிச்சிருக்கலாமே." அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அவர் இதை எடுத்துக்கிட்டு மேல போனா, ஆளையும் போடச் சொல்லுவாங்க, வழக்குச் செலவையும் நம்ம தலையில கட்டுவாங்க. அது உங்க சொந்தக் கருத்துன்னு கீழே ஒரு வரி சேர்த்துடுங்க. முடிஞ்சுது."

கணக்கம்மா குறிப்பை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். இந்த மனிதரோடு எத்தனை வருடம் வேலை பார்த்தாயிற்று. கணக்கம்மாவின் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து பந்தியில் பரிமாறியவர். அவரை நட்டாற்றில் விட்டுவிட்டோமே என்று உறுத்தியது. ஒரே ஒரு வரிதான். அந்த வரியைச் சேர்த்தால் சிட்டு வேனில் ஏறுவாள், உதவியாளர் வருவார், எல்லாம் பழையபடி நடக்கும். பேனாவைக் கையில் எடுக்கவும் எடுத்தார். குறிப்பை மறுபடியும் படித்துப் பார்த்தார். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தப்பா எழுதியிருந்தா திருத்தலாம் சார். சரியா எழுதினதை எப்படித் திருத்துறது?"

"அப்போ பணத்துக்கு எங்க போறது? நீங்களே சொல்லுங்க."

கணக்கம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உதவியாளருக்குன்னு வச்ச பணம் இருக்குல்ல" என்றார்.

"எத்தனை வருஷமாக் கேட்டீங்க..."

"கேட்டேன்தான்."

அவர் போன பிறகு கணக்கம்மா அழுதார். நல்ல காரியம் செய்த நிறைவில் வந்த அழுகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போயிற்றே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை. விஷயத்தைக் கேட்ட கணவர், "நான்தான் அப்பவே நம்பலையே" என்று சொல்லித் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

சிட்டுவுக்குத் துணையாக ஓர் அம்மா வந்து சேர்ந்தார். சத்தம் கூடினால் இருவரும் நடைவழியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வகுப்புக்குத் திரும்பி வருவார்கள். லிஃப்ட்காரர் நன்றி சொல்ல வந்தபோது கணக்கம்மா கோப்புகளுக்கு நடுவே மூழ்கிக் கிடந்தார்.

"நன்றியெல்லாம் எதுக்கு? உங்களுக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கு" என்று சிடுசிடுத்தார். பிறகு மனசு கேட்காமல், "உங்க வேலையில எப்படி? லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா காசைப் பேசிட்டுத்தான் கையை வைப்பீங்களா?" என்று கேட்டார்.

"உள்ள ஆள் இருந்தா முதல்ல இறக்கிவிட்டுருவோங்க. அப்புறந்தான் பில்லு."

விஷயம் பரவாமல் இருக்குமா? பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? அடுத்த பருவத்தில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்குக் கூட்டம் வைத்தார்கள். அவருடைய மகனுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. பெரிய எழுத்தில் காட்டுகிற கருவி வேண்டும், அதை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பெற்றோர் தங்களுக்கு வேண்டியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. சித்தப்பாவையோ வக்கீலையோ அழைத்து வருவார்கள். இந்தப் பெண் கணக்கம்மாவைக் கேட்டார்.

தலைமை ஆசிரியரே வந்து கூப்பிட்டார். கணக்கம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தார். எதிரே இருந்தவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள்.

யாரும் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார். "உள்ளதைச் சொல்லுங்கம்மா. பணம் இருக்கா?"

இந்த முறை விட்டுக் கொடுக்க அவரிடம் சொந்தமாக எதுவும் இல்லை.

"இல்லைம்மா" என்றார். "நிஜமாவே இல்லை."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. தலைமை ஆசிரியர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு குறிப்பு எழுத உட்கார்ந்திருந்த துணைத் தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

"பையனுக்குத் தேவைன்னு முதல்ல எழுதுங்க. பணத்தை அப்புறம் தேடுவோம்."