காணாமல் போகும் கட்டுரைகள்

என் அண்ணி ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது, அப்படி ஒரு கை. எதற்கும் அசராத அந்த மனுஷி, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகுதான் திருதிருவென்று விழிக்க ஆரம்பித்தார்.

படிக்கிற கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, மேற்கோள் பட்டியலைத் தானே போட்டுத் தருகிற மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்ளும்படி வழிகாட்டிப் பேராசிரியை சொல்லியிருந்தார். எதை என்று சொல்லவில்லை. நூலகர் இலவசமானதே நல்லது என்றார். கூடப் படிக்கிற பெண், காசு கொடுத்து வாங்கினால்தான் உருப்படும் என்றாள். அண்ணி இரண்டையும் போட்டுப் பார்த்தார். ஒரே கட்டுரையின் மேற்கோளை ஒன்று ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் எழுதிக் காட்ட, எது சரி என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணன் நடுவில் புகுந்தார். பாலிடெக்னிக்கில் கான்கிரீட் பாடம் நடத்துகிறவர், அவருக்கும் ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. தான் வைத்திருக்கும் மென்பொருளே போதும், வீட்டுக்குள் எதற்கு இரண்டு கணக்கு என்று சொல்லி, அண்ணியின் லேப்டாப்பிலும் தன் கணக்கையே திறந்து கொடுத்துவிட்டார். ஒருவழியாகத் தொல்லை விட்டது என்று நானும் நம்பினேன்.

அண்ணி கட்டுரைகளைச் சேர்ப்பார், அவை மறைந்துவிடும். மறுபடி சேர்த்தால் மறுபடி மறையும். அண்ணனின் கான்கிரீட் கட்டுரைகள் மட்டும் குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கும். அவற்றில் தன் கை பட்டுவிடக் கூடாதே என்று அண்ணி பயந்து பயந்து வேலை செய்தார். அண்ணனிடம் கேட்டால், உனக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் திங்கள்கிழமை கொடுத்தாக வேண்டும், தவறினால் பதிவு ரத்து. ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அண்ணி, தனக்கு இதெல்லாம் வராது, நாளைக்கே போய் விலகிவிடுவதாகச் சொன்னார்.

ஆறுதல் சொல்வதாக நினைத்து அண்ணன் தன் கஷ்டத்தை எடுத்துவிட்டார். "உனக்குக் காணாம போகுது, எனக்குத் தானா வந்து குவியுது. யாரோ படுக்கைப்புண் பத்தியே கட்டுரையா கொட்டறாங்க. விளம்பரமா இருக்கும். தினமும் அதை அழிச்சு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கறேன்."

அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒரே கணக்கு என்றால் ஒரே பட்டியல், ஒரு கம்ப்யூட்டரில் அழித்தால் இன்னொன்றிலும் போய்விடும் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் உறைக்கவில்லை.

அண்ணி கத்தவில்லை. "என் ஆராய்ச்சி எதைப் பத்தினு சொல்லுங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டேன்.

"நர்சிங் பத்தி" என்றார்.

அண்ணி எழுந்து போய்க் கையைக் கழுவினார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, அண்ணனின் கணக்கை மூடிவிட்டு, தன் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.