தண்ணீரில் போடக்கூடாத கோட்டு

யாழ்ப்பாண நகரில் நான் வேலை செய்த ட்ரை கிளீனிங் கடையின் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்று சின்னச் சின்னப் படங்கள். வெளிநாட்டு உடுப்புகளின் கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் குறிகளுக்கான விளக்கம் அது. லண்டனில் தைத்தாலும் நோர்வேயில் தைத்தாலும் குறிகள் மாறுவதில்லை. “உலகம் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்ட விசயம் இது ஒண்டுதான், தங்கச்சி,” என்பார் முதலாளி. தொட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் அந்த உடுப்புக்கு அவர் தண்ணீர் காட்டி நான் கண்டதில்லை.

தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டு, கொழும்புக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. பெற்றோல், சவர்க்காரம் எல்லாம் தடையானபோது, தண்ணீருக்குப் பதிலாக நாங்கள் பாவித்த திரவமும் கொழும்பிலிருந்து வருவது நின்றது. முதலாளி இயந்திரத்தைப் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றால் மூடிவிட்டார். சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் சட்டைகளை மினுக்கிக் கொடுத்துக் கடையைத் திறந்துவைத்திருந்தோம். சண்டிலிப்பாயிலிருந்து வெளுக்கக் கோட்டும் சூட்டும் கொண்டுவந்தவர்கள் கலியாணங்களுக்கு வேட்டியோடு போகப் பழகிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில்தான் பருத்தித்துறையிலிருந்து அவள் வந்தாள். நோர்வேயிலிருக்கும் ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் அனுப்பிய கம்பளிக் கோட்டு, பாதை பூட்டியபின் சனம் கடந்த கிளாலிக் கடலால் வந்த படகில் இயந்திர எண்ணெய் குடித்திருந்தது. முதலாளி கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தண்ணியிலை போடக்கூடாதெண்டு கிடக்கு, பிள்ளை. போட்டால் சுருங்கிப் போகும். வேறை வழிக்கு எங்களிட்டை இப்ப ஒண்டும் இல்லை.”

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கோட்டின் தோள்கள் அவளுடைய முழங்கையை நோக்கிச் சரிந்தன. விரல் நுனிகள்கூட வெளியே தெரியவில்லை.

“அவர் என்னைப் படத்திலைதான் பாத்தவர். அக்காவின்ரை சாறியைச் சுத்திக்கொண்டு நிண்டனான், குண்டாய்த் தெரிஞ்சிருக்கும்,” என்றாள். “சுருங்கட்டும் அண்ணை.”

“அளவுக்கு மிஞ்சிச் சுருங்கினால்?”

“கோட்டில்லாமல் போறன். எண்ணெய் மணத்தோடை போய் அந்தாளுக்கு முன்னாலை இறங்கேலாது.”

முதலாளி நெடுநேரம் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அளவுக்கு அவளுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

சவர்க்காரம் கிடைக்காமல் எல்லோரும் பனம்பழத்தால் துணி தோய்த்த காலம். அவரோ வீட்டில் ஒளித்துவைத்திருந்த சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோட்டை அமிழ்த்தும்போது முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். அலசி, பிழிந்து, மேசையில் விரித்து, அதன்மேல் அவளுடைய சட்டையை வைத்துப் பார்ப்பார். போதாதென்று மறுபடியும் அமிழ்த்துவார். தோள் பொருந்தி வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கோட்டின் கைகளை இழுத்து இழுத்து நேராக்கினார். அதைத் தொட என்னையும் விடவில்லை. கோட்டு காய்ந்து முடியும்வரை இரண்டொரு தரம் எழுந்துபோய்ப் பார்க்காமல் அவர் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

மறுகிழமை அவள் வந்து போட்டுப் பார்த்தாள். கம்பளி தடித்து, கொஞ்சம் முரடாகியிருந்தது. ஆனால் தோளில் அப்படியே உட்கார்ந்தது.

“ஒரு கை கொஞ்சம் கட்டை,” என்றார் முதலாளி, குற்றவாளியைப் போல.

“மற்றதை மடிச்சு விடுறன் அண்ணை.”

அவள் நோர்வே போய்ச் சேர்ந்தாளா, அந்த மனிதரோடு எப்படி வாழ்ந்தாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவரவில்லை. பிறகு நானும் ஒரு குளிர்நாட்டுக்கு வந்தேன். முதல் பனிக்காலத்தில் பஸ்ஸுக்காக நடுங்கிக்கொண்டு நின்றபோது அவளைத்தான் நினைத்தேன். அவள் கோட்டை வாங்கிப்போன அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் தார் உருகும் வெயில். அவள் கோட்டைக் கழற்றவேயில்லை. வாசல்வரை போன முதலாளி, “அவியேல்லையோ, பிள்ளை?” என்று கேட்டார்.

“அவியுதுதான் அண்ணை. குளிர் எப்பிடியெண்டுதான் தெரியேல்லை,” என்றவள், பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.